பழைய சைக்கிளுக்கு மாற்றுச் சக்கரம்: அறிகுறி கண்டு பிழை நீக்கும் வழிமுறை

எங்கள் வீட்டுத் திண்ணையில் நிற்கும் ராடு பிரேக் சைக்கிளை (கேபிளுக்குப் பதிலாக இரும்புத் தண்டுகளால் பிரேக் இயங்கும் வண்டியை) என் தந்தையார் 1983-இல் வாங்கினார். அதற்கு நானே இதுவரை முன்சக்கரத்தை மூன்று முறையும் பின்சக்கரத்தை ஐந்து முறையும் மாற்றியிருக்கிறேன். இது தெரிந்த பிறகு பால் ஊற்றுபவர், கீரை விற்பவர், பள்ளிக்கூடத்துக் காவலாளி என்று தெருவில் பழைய வண்டி வைத்திருக்கும் எல்லோரும் சக்கரத்தோடு வாசலில் வந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. அவர்கள் சொல்லும் குறைகள் பத்துதான். அவையே திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை அறிகுறி வாரியாகவும், ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத காரணம் முதலிலும் செலவு மிகுந்தது கடைசியிலும் வருமாறும் இங்கே எழுதியுள்ளேன்.

புதுச் சக்கரம் சரியாக ஓடவில்லை என்றதும் நிப்பிள் சாவியை (ஸ்போக் கம்பிகளின் முனையிலுள்ள சிறு நட்டான நிப்பிளைத் திருகும் கருவியை) எடுத்துக் கம்பிகளைத் திருகத் தொடங்குவதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் காரியம். அது கடைசியில் செய்ய வேண்டியது. என்னிடம் வந்த வண்டிகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் சக்கரத்தில் குற்றமே இல்லை. அது ஃபிரேமில் உட்கார்ந்த விதத்தில்தான் குற்றம் இருந்தது.

இங்கே பேசப்படுவது 28 × 1½ டயர் போடும் கறுப்பு ரோட்ஸ்டர் வண்டி. லூதியானாவில் ஆனதாயினும் அம்பத்தூரில் ஆனதாயினும் எல்லாம் பழைய ஆங்கிலேய வார்ப்பிலேயே அமைந்தவை என்பதால் உதிரிப் பாகங்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும். அட்லஸ் சைக்கிள் நிறுவனம் 2020 ஜூனில் சாகிபாபாத் ஆலையை மூடிய பிறகும் அந்த வண்டிகளுக்குச் சக்கரம் கிடைப்பது இதனால்தான். தேவையான கருவிகள்: அச்சு நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர், கோனைப் (ஹப் எனும் சக்கர நடுப்பகுதியில், பால்ஸ் எனும் எஃகுக் குண்டுகளைத் தாங்கும் கூம்பு நட்டைப்) பிடிக்க மெல்லிய ஸ்பேனர், நிப்பிள் சாவி, எஃகு அளவுகோல், மூன்று கஜம் நூல், கொஞ்சம் கிரீஸ்.

## அறிகுறி 1: அச்சு ஃபோர்க்கின் வாய்க்குள் நுழையவில்லை

முதலில் பார்க்க வேண்டியது பெயிண்டும் துருவும். வண்டிக்கு எப்போதாவது மறுபடி பெயிண்ட் அடித்திருந்தால், ஃபோர்க் வாயின் (அச்சு உட்காரும் பிளவின்) உட்புறத்தில் அது கட்டிதட்டி நிற்கும். பழைய அச்சு அந்த இடத்திலேயே பல ஆண்டுகள் இருந்து தனக்கென்று வழி செய்துகொண்டிருக்கும். புது அச்சு முட்டி நிற்கும். உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேய்த்தால் போதும்.

அடுத்தது அச்சின் பருமன். பழைய ரோட்ஸ்டரின் முன் அச்சு 5/16 அங்குலம், அதாவது ஏறக்குறைய 8 மி.மீ.; பின் அச்சு 3/8 அங்குலம், ஏறக்குறைய 9.5 மி.மீ. இப்போது கடைகளில் தொங்கும் சக்கரங்கள் பலவற்றில் முன் அச்சு 9 மி.மீ., பின் அச்சு 10 மி.மீ. பின்புறம் எப்படியாவது நுழைந்துவிடும், முன்புறம் நுழையாது. அரத்தை எடுத்து ஃபோர்க்கின் வாயை அகலப்படுத்துவது கடைக்காரர்கள் பலர் செய்யும் வேலை. இரும்பு ஃபோர்க் என்பதால் அது பெருங்குற்றம் ஆகிவிடாது; ஆனால் இரண்டு பக்கமும் ஒரே அளவாகத் தேய்க்க வேண்டும், வாயின் மேல் வளைவில் அரம் படவே கூடாது. மேல் வளைவு ஒரு பக்கம் அரை மி.மீ. ஆழமானாலும் சக்கரம் சாய்ந்தே நிற்கும், அந்தச் சாய்வை எந்தக் கம்பியைத் திருகியும் எடுக்க முடியாது. நான் அரத்தைத் தொடுவதில்லை. பழைய அளவு அச்சும் கோனும் கொண்ட ஹப்பாகக் கேட்டு வாங்கிவிடுகிறேன்.

பழைய நட்டைப் புது அச்சில் போட முயல வேண்டாம். 3/8 அங்குல நட்டு 10 மி.மீ. அச்சில் ஏறாது, அது நல்லதுதான். ஆனால் 10 மி.மீ. நட்டு 3/8 அங்குல அச்சில் தளர்வாக ஏறி, பிடித்துவிட்டதுபோல் தோன்றி, இறுக்கும்போது மரையை வழித்துவிடும். நட்டு விரலால் திருகும்போதே ஆடினால் அது அந்த அச்சுக்குரிய நட்டு அன்று.

மூன்றாவது ஹப்பின் அகலம். ஃபோர்க்கின் இரு வாய்களுக்கும் இடையிலுள்ள உட்புற அகலத்தையும், ஹப்பின் கோன் நட்டுகளின் வெளிமுகங்களுக்கு இடையிலுள்ள அகலத்தையும் அளந்து பார்க்கவும். இரண்டு மூன்று மி.மீ. வேறுபாட்டை இரும்பு ஃபிரேம் கையால் விரித்தாலே ஏற்றுக்கொள்ளும். கியர் சைக்கிளுக்கான பின்சக்கரம் 130 அல்லது 135 மி.மீ. இருக்கும்; ஒற்றைப் பல்சக்கர ரோட்ஸ்டரின் பின்புறம் அதைவிட 20 மி.மீ. வரை குறுகல். அதை வலிந்து விரித்து உள்ளே தள்ளினால் ஃபிரேமின் இரு வாய்களும் இணையாக நிற்காமல் கோணலாகும். அதன் பிறகு நட்டை இறுக்க இறுக்க அச்சு வளையும்.

கடைக்குப் போக வேண்டிய நிலை: ஐந்து மி.மீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால் சக்கரத்தைத் திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொள்ளவும். ஃபோர்க்கின் ஒரு கால் மட்டும் வளைந்திருப்பது தெரிந்தால், அதை நிமிர்த்தும் வேலை ஃபோர்க்கைக் கழற்றிப் பிடிகருவியில் பிடித்து வேலை செய்யத் தெரிந்தவருக்குரியது.

## அறிகுறி 2: டயர் ரிம்மில் ஏறவில்லை, அல்லது ஏறிக் காற்றடித்ததும் பிதுங்குகிறது

இதற்குக் காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: "இருபத்தெட்டு" என்று கேட்டு வாங்கியது. இருபத்தெட்டு என்ற பெயரில் இரண்டு வேறு அளவுகள் விற்கின்றன. ரோட்ஸ்டரின் 28 × 1½ டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 635 மி.மீ. 700 என்ற எண்ணோடு வரும் புதுவகை வண்டிகளின் டயர் உட்காரும் விட்டம் 622 மி.மீ.; அதையும் இருபத்தெட்டு என்றே சொல்வார்கள். 622 டயர் 635 ரிம்மில் ஏறவே ஏறாது. 635 டயர் 622 ரிம்மில் எளிதாக ஏறும், அதில்தான் ஆபத்து இருக்கிறது: காற்று நிரம்பியதும் டயரின் விளிம்பு ரிம்மைத் தாண்டி வெளியே வந்து டியூப் வெடிக்கும்.

இருபத்தாறு என்ற பெயரில் குழப்பம் இன்னும் அதிகம். பெண்கள் ஓட்டும் பழைய வண்டிகளின் 26 × 1⅜ என்பது 590 மி.மீ., 26 × 1½ என்பது 584 மி.மீ., தடித்த டயர் கொண்ட வண்டிகளின் 26 × 1.95 போன்றவை 559 மி.மீ. பின்னத்தில் எழுதிய அளவும் தசமத்தில் எழுதிய அளவும் ஒன்றுபோல் தோன்றினாலும் ஒன்றுக்கொன்று மாற்றாகாது. ஆகவே பழைய டயரின் பக்கச் சுவரைத் துடைத்து, 40-635 என்பதுபோல் கோடு போட்டு எழுதியிருக்கும் எண்ணைப் படித்து, அதன் பின்பாதியை மட்டும் கடையில் சொல்லவும். எண் அழிந்திருந்தால் பழைய ரிம்மையே தூக்கிக்கொண்டு போய்ப் புது ரிம்மின் மேல் வைத்துப் பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அளவு சரியாக இருந்தும் டயர் ஓரிடத்தில் மட்டும் எழும்பி நின்றால், விளிம்பு முழுதாக உட்காரவில்லை என்று பொருள். காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீரை விளிம்பு முழுவதும் தடவி, எழும்பிய இடத்தைக் கட்டைவிரல்களால் அழுத்திக்கொடுத்து, மெல்லக் காற்றடிக்கவும். டயரின் பக்கச் சுவரில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் தெரிய வேண்டும்.

வால்வு துளைக்குள் போகவில்லை என்பது சிலருக்கு வரும் குறை. ரோட்ஸ்டரின் வால்வுக்கு ஏறக்குறைய 8 மி.மீ. துளை வேண்டும், மெல்லிய வால்வுக்காகத் துளையிட்ட ரிம்மில் அது நுழையாது. துளையைப் பெரிதாக்குவதானால் உட்புறத்துப் பிசிறை முழுவதும் தேய்த்துவிடவும், இல்லாவிட்டால் அந்தப் பிசிறே வால்வின் அடியை அறுக்கும்.

## அறிகுறி 3: சக்கரம் ஒரு பக்கமாக நிற்கிறது, மட்கார்டிலோ ஃபிரேமிலோ உரசுகிறது

மிக அதிகமாக வருவதும் மிகத் தவறாகக் கையாளப்படுவதும் இந்த அறிகுறிதான். சக்கரத்தைச் சுழற்றி, ரிம்முக்கும் ஃபோர்க்கின் காலுக்கும் இடையிலுள்ள இடைவெளியைக் கவனிக்கவும். இடைவெளி சுழலச் சுழல மாறினால் அது கோட்டம். அறிகுறி 4-க்குச் செல்லவும். மாறாமல் ஒரு பக்கம் எப்போதும் குறுகலாகவே இருந்தால் இங்கேயே தொடரவும்.

உட்காரும் இடம். வண்டியை நேராக நிறுத்தி, அச்சு நட்டுகள் இரண்டையும் தளர்த்தி, ஹேண்டில்பாரை மேலிருந்து அழுத்தியபடி நட்டுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கவும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி முன்சக்கரம் மாட்டுவோருக்கு இந்தக் குறை அடிக்கடி வரும். அச்சு ஒரு பக்கம் வாயின் முடிவு வரை போகாமலே இறுகிவிடும்.

வாஷரும் தாங்கு கம்பிகளும். மட்கார்டின் கம்பி, கேரியரின் கால், ஸ்டாண்டின் கண் எல்லாம் ஃபோர்க்குக்கு வெளியே, வாஷருக்கும் நட்டுக்கும் உள்ளே வர வேண்டும். அவற்றில் ஒன்று தவறிப்போய்க் கோன் நட்டுக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் சக்கரம் அந்தத் தகட்டின் கனத்துக்கு மறுபக்கம் தள்ளப்படும்.

பின்சக்கரத்தில் செயின் இழுப்பு. பின்புறம் திறந்த வாய் கொண்ட ரோட்ஸ்டரில் வலப்பக்க நட்டை இறுக்கும்போது செயின் அச்சை முன்னால் இழுத்துவிடும். முதலில் வலப்பக்கத்தைச் செயினுக்கு வேண்டிய இடத்தில் வைத்து அரைகுறையாக இறுக்கி, பிறகு ரிம்மைக் கையால் பிடித்து நடுவில் நிறுத்தி இடப்பக்கத்தை முழுதாக இறுக்கி, கடைசியில் வலப்பக்கத்தை முடிக்கவும்.

இத்தனைக்கும் பிறகும் சக்கரம் ஒரு பக்கமாகவே நின்றால், அடுத்த சோதனை சக்கரத்தைக் கழற்றி இடவலமாகத் திருப்பி மாட்டுவது. பின்சக்கரமானால் செயினை எடுத்துவிட்டு ஃபிரீ வீல் (பின் பல்சக்கரம்) இடப்பக்கம் வருமாறு மாட்டிப் பார்க்கவும்; ஓட்டப்போவதில்லை, பார்க்க மட்டுமே.

### திருப்பியதும் ரிம் மறுபக்கம் போனால்

குறை சக்கரத்தில். ரிம் ஹப்பின் நடுவுக்கு நேராகக் கட்டப்படவில்லை. வேறுபாடு இரண்டு மி.மீ. என்றால் ஒரு பக்கத்துக் கம்பிகள் அனைத்தையும் கால் சுற்று இறுக்கி மறுபக்கத்தவற்றைக் கால் சுற்றுத் தளர்த்தி, மீண்டும் திருப்பிப் போட்டுப் பார்க்கவும். அதற்கு மேலென்றால் விற்ற கடைக்கே கொண்டுபோகவும். புதுச் சக்கரத்துக்கு அதை அவர்கள் இலவசமாகச் செய்துதர வேண்டும்.

### திருப்பியும் அதே பக்கமே நின்றால்

குறை ஃபோர்க்கில் அல்லது ஃபிரேமில். சக்கரத்தைத் தொடவே வேண்டாம். காவலாளியின் வண்டியை இப்படித்தான் கண்டேன். ரிம் இடப்பக்கம் நான்கு மி.மீ. சாய்ந்திருந்தது, அவர் அதற்கு முன்பே ஒரு கடையில் காசு கொடுத்துக் கம்பிகளைத் திருகச் செய்து, சக்கரத்தையும் கெடுத்து வைத்திருந்தார். திருப்பிப் போட்டேன், அதே இடப்பக்கம். ஃபோர்க்கின் வாயில் விரலை விட்டுத் தடவியபோது இடப்பக்கத்தில் மட்டும் நகத்தால் சுரண்டினால் உதிரும் ஏதோ ஒன்று தட்டுப்பட்டது. பச்சை, அதன் கீழே கறுப்பு, அதன் கீழே சிவப்பு என்று மூன்று அடுக்குப் பெயிண்டும் நடுவில் ஒரு துருச் செதிலும் சேர்ந்து வாயின் மேல் வளைவில் அடைத்துக்கொண்டிருந்தன. அச்சு ஒரு மி.மீ. கீழே நின்றால் ரிம் மேலே அதைப்போல் மூன்று நான்கு மடங்கு சாயும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் அதைப் பெயர்த்தெடுக்க இரண்டு நிமிடம் ஆனது. கெட்டுப்போன கம்பி இறுக்கத்தைச் சரிசெய்ய ஒரு மாலைப்பொழுது ஆனது.

வாய் சுத்தமாக இருந்தும் அதே பக்கம் நின்றால் நூல் சோதனை செய்யலாம். பின்பக்க வாயில் நூலைக் கட்டி, ஹேண்டில்பார் நுழையும் முன்குழாயைச் சுற்றி, மறுபக்க வாய்க்கு இழுத்துக் கட்டவும். சீட்டைத் தாங்கும் நடுக்குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஃபிரேம் ஒருபுறம் வளைந்துள்ளது.

கடைக்குப் போக வேண்டிய நிலை: ஃபிரேம் வளைவு, வாயின் அருகே விரிசல், வெல்டிங் இட்ட பழைய தடம். இவற்றில் ஒன்று இருந்தாலும் சக்கரத்துக்குக் காசு செலவழிப்பதை நிறுத்திவிட்டு முதலில் ஃபிரேமைக் காட்டவும்.

## அறிகுறி 4: சக்கரம் சுழலும்போது இடவலமாக அல்லது மேலும் கீழும் ஆடுகிறது

முதலில் ரிம் ஆடுகிறதா டயர் ஆடுகிறதா என்று பிரித்துப் பார்க்கவும். மட்கார்டின் தாங்கு கம்பியில் ஒரு தீக்குச்சியைக் கட்டி, அதன் முனை ரிம்மைத் தொட்டும் தொடாமலும் இருக்குமாறு வைத்துச் சுழற்றினால் தெரிந்துவிடும். டயர் மட்டும் ஆடினால் அறிகுறி 2-இல் சொன்ன சோப்புத் தண்ணீரே மருந்து. அடுத்து ரிம்மை இரு கையாலும் பிடித்து இடவலமாக அசைக்கவும். லொடலொடவென்றால் கோன் தளர்ந்துள்ளது, அறிகுறி 6-க்குச் செல்லவும்.

இரண்டும் இல்லையென்றால் இப்போது நிப்பிள் சாவியை எடுக்கலாம். ரிம் இடப்பக்கம் ஒதுங்கும் இடத்தில், ஹப்பின் வலப்பக்கத்திலிருந்து வரும் கம்பியைக் கால் சுற்று இறுக்கி, அதன் இருபுறமும் உள்ள இடப்பக்கக் கம்பிகளைக் கால் சுற்றில் பாதி தளர்த்தவும். டயர் இருக்கும் பக்கத்திலிருந்து பார்க்கும்போது கடிகார முள் திசையே இறுக்கும் திசை. அச்சுப் பக்கமிருந்து பார்ப்பவர்கள் இதைத் தலைகீழாகச் செய்துவிடுவார்கள். எங்கள் பக்கம் இந்த வேலைக்குக் கோட்டம் எடுப்பது என்று பெயர். இதில் பொறுமைதான் எல்லாம்: ஒரே இடத்தில் அரைச்சுற்றுக்கு மேல் திருகாமல், மோசமான இடத்தில் கொஞ்சம், அடுத்த மோசமான இடத்தில் கொஞ்சம் என்று சுற்றி வர வேண்டும். இரண்டு மி.மீட்டருக்குள் ஆட்டம் வந்துவிட்டால் ராடு பிரேக் வண்டிக்கு அது போதும், அங்கேயே நிறுத்திவிடவும். இன்னும் நேராக்குகிறேன் என்று தொடர்ந்துதான் பலர் கெடுக்கிறார்கள்.

கடைக்குப் போக வேண்டிய நிலை: மேலும் கீழுமான ஆட்டம் மூன்று மி.மீட்டருக்கு மேல் இருந்தால். ரிம்மில் பள்ளம் விழுந்திருந்தால். தரையில் கிடத்தினால் அப்பளம்போல் நெளிந்து நின்றால். கடைசியாகச் சொன்ன நிலையில் கடைக்காரர் தரையில் தட்டி நிமிர்த்தித் தருவார். அது வீடு போய்ச் சேரத்தான் உதவும்.

## அறிகுறி 5: பிரேக் பிடிக்கவில்லை, அல்லது பிரேக் கட்டை கம்பிகளில் இடிக்கிறது

கட்டை கம்பியில் இடிக்கிறது என்றால் இதைப் படித்து முடிக்கும்வரை வண்டியை ஓட்ட வேண்டாம்.

ராடு பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் பக்கவாட்டில் பிடிப்பதில்லை. அச்சை நோக்கியுள்ள உட்புறத்தில், கம்பி வரிசைக்கு இருபுறமும் உள்ள வளைந்த தோள்களில் பிடிக்கின்றன. ரோட்ஸ்டருக்கென்று செய்த ரிம்மில் மட்டுமே அந்தத் தோள்கள் உண்டு. பக்கவாட்டில் கேபிள் பிரேக் பிடிப்பதற்கான ரிம்மில் உட்புறம் கூம்பிச் சரிந்திருக்கும்; ராடு பிரேக் கட்டை அந்தச் சரிவில் வழுக்கிக் கம்பிகளுக்குள் போய்விடும். கீரை விற்பவர் பளபளப்பான அலுமினியச் சக்கரம் ஒன்றை மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார். வாசலில் வண்டியை உருட்டி முன்பிரேக்கை மெல்லப் பிடித்தேன். ணங் என்ற ஓசையோடு கட்டை ஒரு கம்பியில் மாட்டி, கட்டைகளைத் தாங்கும் பிரேக் வளையம் முன்னால் இழுபட்டு நின்றது. ஓடும் வேகத்தில் அது நடந்திருந்தால் ஆள் ஹேண்டில்பாரைத் தாண்டி விழுந்திருப்பார். அதற்கு அட்ஜஸ்ட்மென்ட் எதுவும் கிடையாது. ராடு பிரேக் வண்டிக்கு ராடு பிரேக் ரிம்தான் போட வேண்டும். வேறு ரிம் வேண்டுமென்றால் பிரேக்கையே மாற்ற வேண்டும்.

ரிம் சரியான வகை என்றால் சரிபார்க்க வேண்டியவை இவை. சக்கரத்தைக் கழற்றும்போது அசைந்த கட்டைகள் கோணலாக இறுகியிருக்கலாம். இரண்டு கட்டைகளும் தோளில் முழுதாகப் படியுமாறு திருப்பி, ரிம்முக்கும் கட்டைக்கும் இரண்டு மூன்று மி.மீ. இடைவெளி விட்டு இறுக்கவும். பிரேக் வளையம் ஃபோர்க்கின் இருபுறமும் உள்ள வழிகாட்டிகளுக்குள் இருக்கிறதா என்று பார்க்கவும்; ஒரு பக்கம் வெளியே வந்திருந்தால் ஒரு கட்டை மட்டும் பிடிக்கும். ராடின் நீளத்தை மாற்றும் திருகு தளர்ந்து நழுவியிருந்தால், எவ்வளவு பிடித்தாலும் லிவர் ஹேண்டில்பாரைத் தொட்டுவிடும்.

ரப்பர் கட்டை உட்காரும் இரும்புக் கூட்டுக்கு ஒரு முனை அடைப்பாகவும் ஒரு முனை திறந்தும் இருக்கும். அடைபட்ட முனை, ரிம் அந்த இடத்தில் எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையை நோக்கியிருக்க வேண்டும். முன்சக்கரத்தில் அது வண்டியின் முன்பக்கம். தலைகீழாக மாட்டினால் முதல் கடும் பிரேக்கிலேயே ரப்பர் கழன்று பறந்துவிடும். சக்கரம் மாற்றும் அவசரத்தில் கட்டைகளைக் கழற்றியவர்கள் இடவலம் மாற்றி மாட்டுவதால்தான் இது நேர்கிறது.

புது குரோம் ரிம்மில் ஆலை எண்ணெய் ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெயால் துடைத்து, பிறகு சோப்புத் தண்ணீரால் கழுவவும். மழையில் இரும்பு ரிம் பிரேக் பிடிக்காது என்பது குறையன்று, அதன் இயல்பு. தூரத்திலேயே பிடிக்கத் தொடங்க வேண்டியதுதான்.

## அறிகுறி 6: சக்கரம் இறுக்கமாகச் சுழல்கிறது, அல்லது லொடலொடக்கிறது

வண்டியைத் தூக்கிப் பிடித்து, வால்வு பக்கவாட்டில் வருமாறு சக்கரத்தை நிறுத்திக் கையை எடுக்கவும். வால்வின் எடையே சக்கரத்தைத் திருப்பிக் கீழே கொண்டுவந்து, இருபுறமும் ஊசலாடவிட்டு மெல்ல நிறுத்த வேண்டும். அசையாமல் நின்றுவிட்டால் கோன் இறுக்கம். பின்சக்கரத்துக்கு இந்தச் சோதனையைச் செயினைக் கழற்றிவிட்டுச் செய்யவும்.

சரிசெய்வது எளிது: கோனை மெல்லிய ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு அதன் மேல் நட்டைத் தளர்த்தி, கோனைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, மீண்டும் நட்டை இறுக்கவும். நட்டை இறுக்கும்போது கோனும் கொஞ்சம் இறுகும். அதனால் கையில் மயிரிழை ஆட்டம் தெரியும் நிலையில் விட்டு இறுக்கினால் முடிவில் சரியாக வரும். இதை இரண்டு மூன்று தடவை செய்யாமல் ஒரே தடவையில் எனக்கு இன்றுவரை அமைந்ததில்லை.

கோனைத் தளர்த்தியும் சுழலும்போது கையில் நறநறவென்று உணர்ந்தால் ஹப்பைத் திறக்கவும். கடையில் தொங்கும் புதுச் சக்கரங்களில் கிரீஸ் பெயருக்குத்தான் இருக்கும். சிலவற்றில் பால்ஸ் ஒன்றிரண்டு குறைவாகவே இருக்கக் கண்டிருக்கிறேன். முன் ஹப்பில் பொதுவாகப் பக்கத்துக்கு 10 பால்ஸ், 3/16 அங்குலம். பின் ஹப்பில் பக்கத்துக்கு 9 பால்ஸ், ¼ அங்குலம். கீழே பழைய வேட்டி ஒன்றை விரித்துக்கொண்டு திறக்கவும், உருண்டோடியதைத் தேட வேண்டியிராது. கப்பில் (பால்ஸ் உருளும் ஹப்பின் கிண்ணத்தில்) கிரீஸ் நிரப்பி, பால்ஸை அதில் ஒட்டவைத்துக் கோனைத் திருகவும்.

கடைக்குப் போக வேண்டிய நிலை: கோனின் பாதையில் குழி விழுந்திருந்தால் கோனை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், விலை குறைவு. கப்பில் குழி விழுந்திருந்தால் ஹப்பையே மாற்ற வேண்டும். ஹப்பை மாற்றுவது என்றால் எல்லாக் கம்பிகளையும் கழற்றிக் கட்டுவது என்று பொருள். அதற்குள் முழுச் சக்கரத்தின் விலையையும் கேட்டுக்கொள்ளவும்.

## அறிகுறி 7: செயின் கழல்கிறது, அல்லது மிதிக்கும்போது தாவுகிறது

கழன்றால் முதலில் தளர்வைப் பார்க்கவும். இரண்டு பல்சக்கரங்களுக்கும் நடுவில் செயினை மேலும் கீழும் அசைத்தால் அரை அங்குலம் அசைய வேண்டும். பெடலை நான்கு நிலைகளில் நிறுத்தி அளக்கவும். பழைய முன் பல்சக்கரம் முழு வட்டமாக இராது, ஓரிடத்தில் தளர்ந்தும் ஓரிடத்தில் இறுகியும் வரும். மிக இறுகும் நிலையில் கொஞ்சமாவது அசைவு இருக்குமாறு வைக்கவும். தளர்வு சரியாக இருந்தும் கழன்றால் பின்னாலிருந்து குனிந்து பார்த்து, ஃபிரீ வீலும் முன் பல்சக்கரமும் ஒரே கோட்டில் உள்ளனவா என்று நூல் பிடிக்கவும். புது ஹப் இரண்டு மூன்று மி.மீ. குறுகலாக இருந்து, வாஷரை ஒரே பக்கம் போட்டு நிரப்பியிருந்தால் கோடு தப்பிவிடும். வாஷரை மறுபக்கம் மாற்றிப் பார்க்கவும்.

தாவினால் பெரும்பாலும் குற்றவாளி பழைய செயின்தான். புது ஃபிரீ வீலின் கூர்மையான பற்களில் நீண்டுபோன செயின் படியாது. அளவுகோலைச் செயின் கண்ணிகளை இணைக்கும் ஓர் ஊசியின் நடுவில் வைத்து 12 அங்குலம் அளந்தால் அங்கே மற்றோர் ஊசியின் நடு வர வேண்டும். ⅛ அங்குலம் தள்ளி வந்தால் செயினை மாற்றவும். பழைய ஃபிரீ வீல் தாவாமல் ஓடியதற்குக் காரணம் அதன் பற்களும் செயினோடு சேர்ந்தே தேய்ந்திருந்ததுதான். கியர் வண்டிக்கான குறுகிய செயினை ரோட்ஸ்டரின் தடித்த பல்லில் போட்டாலும் படியாது. ½ × ⅛ என்று கேட்டு வாங்கவும்.

பெடல் வெற்றாகச் சுற்றி, பிறகு டக்கென்று பிடித்தால் ஃபிரீ வீலின் உள்ளே நாக்கு ஒட்டிக்கொண்டுள்ளது. மண்ணெண்ணெய் விட்டுச் சுழற்றி, பிறகு மெல்லிய எண்ணெய் விடவும். தீராவிட்டால் புதிது வாங்குவதே மலிவு. பழையதைக் கழற்றுவதற்கு உரிய கருவி வேண்டும். ஆண்டுக்கணக்கில் மிதித்து மிதித்து இறுகியதைச் சுத்தியும் உளியும் கொண்டு கழற்ற முயன்று ஹப்பின் மரையைக் கெடுப்பதைவிடக் கடையில் கொடுத்துவிடவும். புதியதை மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவி, முதலில் எதிர்த்திசையில் ஒரு சுற்றுச் சுற்றி மரை கவ்வும் இடம் அறிந்து, பிறகு கையாலேயே இறுக்கவும். மீதியைப் பெடலே பார்த்துக்கொள்ளும்.

## அறிகுறி 8: புதுச் சக்கரம் சத்தம் போடுகிறது

முதல் ஓட்டத்தில் டிங் டிங் என்று சில முறை கேட்டு நின்றுவிட்டால், முறுக்கேறியிருந்த கம்பிகள் தம் இடத்தில் படிகின்றன. கவலை வேண்டாம், ஆனால் அன்று மாலையே கோட்டத்தைச் சரிபார்க்கவும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ஒரு தட்டு என்றால் தளர்ந்த கம்பி ஒன்றோ வால்வு நட்டோ. கம்பிகளை இரண்டிரண்டாகக் கிள்ளிப் பார்த்தால் தளர்ந்தது கையில் தெரியும். கிரீச்சென்ற ஓசை கம்பிகள் ஒன்றையொன்று உரசும் இடத்திலிருந்து வந்தால் ஒவ்வொரு உரசலிலும் ஒரு துளி எண்ணெய் போதும். ரிம்மில் மட்டும் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளவும்.

## அறிகுறி 9: காரணமில்லாமல் பஞ்சர் ஆகிறது

டியூபைக் கழற்றி ஓட்டை எந்தப் பக்கம் என்று பார்க்கவும். தரையை நோக்கிய பக்கமானால் டயரில் முள். அச்சை நோக்கிய பக்கமானால் நிப்பிளைத் தாண்டி நீண்டிருக்கும் கம்பி முனைதான் குத்துகிறது. ரிம் டேப்பை எடுத்து, ஒவ்வொரு நிப்பிளையும் விரலால் தடவி, நீண்டவற்றை அரத்தால் தேய்த்து மட்டமாக்கவும். கோட்டம் எடுத்த ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும், ஏனெனில் இறுக்கிய கம்பி அவ்வளவுக்கு வெளியே வந்திருக்கும். ரிம் டேப் நைந்திருந்தால் பழைய டியூபை நீளவாக்கில் கத்தரித்துச் சுற்றுவது எங்கள் ஊர் வழக்கம். புது டேப்பைவிட அது நன்றாகவே உழைக்கிறது.

## அறிகுறி 10: ஒரு மாதம் நன்றாக ஓடிய பின் கம்பிகள் அறுகின்றன

ஒரு கம்பி அறுந்தால் அதே நீளக் கம்பி ஒன்றைப் போட்டுக் கோட்டம் எடுக்கவும். ஹப்பின் வளைவிலேயே அறுகிறது என்றால், காரணம் பெரும்பாலும் அதிக இறுக்கம் அன்று, தளர்ச்சி. தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்ந்து அந்த இடத்தில் இற்றுப்போகும். புதுச் சக்கரத்தின் கம்பிகளை முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரு முறை இறுக்கிவிடாததே இதற்குக் காரணம். அடுத்தடுத்து மூன்று கம்பிகள் அறுந்தால் மீதியும் அறும். அனைத்தையும் மாற்றிக் கட்டக் கொடுத்துவிடவும், ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

சுமை ஏற்றும் வண்டியானால் கம்பிகளை எண்ணவும். பழைய ரோட்ஸ்டருக்கு முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40 கம்பிகள் என்பதே வழக்கம். பின்னால் எடை அதிகம் என்பதால்தான் அந்த எட்டுக் கம்பிகள் கூடுதல். இப்போது இரண்டுக்கும் 36 என்று சமமாக வரும் சக்கரங்கள் உண்டு. தனியாள் ஓட்டினால் அவை போதும். பால் ஊற்றுபவர் இருபுறமும் கேன் தொங்கவிட்டுப் போகிறவர். அவர் 36 கம்பிச் சக்கரம் மாட்டிய நாளிலிருந்து மாதம் ஒரு கம்பி என்று அறுந்துகொண்டிருந்தது. ரிம் மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தார். ஹப்பிலும் 36 துளைதான் என்பதால் அது முடியவில்லை. கடைசியில் பழைய இரும்புக் கடையில் 40 துளை ஹப் ஒன்றைத் தேடிப்பிடித்து, கப்பில் குழி இல்லை என்று பார்த்து வாங்கி, அதற்குப் புது ரிம்மும் கம்பியும் வாங்கிக் கொடுத்து, கம்பி கட்டுவதில் கைதேர்ந்த ஒருவரிடம் கட்டச் சொன்னோம். அந்தச் சக்கரத்துக்கு இரண்டாம் வாரத்தில் நான்தான் நிப்பிள்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டேன். அதன் பிறகு அவர் கம்பிக்காக வரவில்லை, ரிம் டேப்புக்காக ஒரு முறை வந்தார்.